தோளில் தழும்பு இருக்கே டாக்டர், அப்புறம் எப்படி டிபி வரும்?

1.
உங்க இடது தோள்பட்டைக்குக் கீழே தொட்டுப் பாருங்க. ஒரு சின்ன வட்டத் தழும்பு இருக்கும். பிறந்த உடனே போட்ட பிசிஜி ஊசியோட அடையாளம். காசநோய்க்கான தடுப்பூசி.

ஓபியில் ஒருத்தர் கிட்ட "மூணு வாரமா இருமுறீங்க, சளி டெஸ்ட் பண்ணிடலாம். டிபியான்னு பார்க்கணும்" என்று சொன்னால் பாதிப் பேர் சட்டைக் கையை ஏற்றித் தழும்பைக் காட்டுவாங்க. "ஊசி போட்டாச்சே டாக்டர்?"

நியாயமான கேள்வி. இதற்கான பதிலை உலகத்துக்கே சொன்னது நம்ம செங்கல்பட்டு. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2.
நான் வேலை பார்ப்பது இந்த மாவட்டத்தில், மாமல்லபுரம் பக்கம் கடற்கரையோரம். வர்ற நோயாளிகள் யாருன்னு பார்த்தீங்கன்னா, கடலுக்குப் போறவங்க, சிற்பப் பட்டறையில் கல் செதுக்குறவங்க, ஈசிஆர் ஓட்டல்களில் வேலை செய்றவங்க, நூறு நாள் வேலைக்குப் போற அம்மாக்கள்.

எல்லாருக்கும் இருமலுக்கு ஒரு காரணம் தயாரா இருக்கும். "கடல் காத்து ஒத்துக்கல." "கல் தூசி." "பீடி குடிக்கிறேன்ல." "மழையில நனைஞ்சுட்டேன்."

இந்தக் காரணங்கள் பல நேரம் சரியாகவும் இருக்கும். சிக்கலே அதுதான்.

3.
வரலாற்றைத் தாம்பரத்தில் இருந்து தொடங்கலாம். மின்சார ரயிலில் போகும்போது "தாம்பரம் சானடோரியம்" என்று ஒரு ஸ்டேஷன் வரும் இல்லையா? தினமும் அதில் இறங்கி ஏறுபவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் அர்த்தம் தெரியும் என்று தெரியல.

சானடோரியம் என்றால் காசநோயாளிகளை மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் தங்க வைத்துப் பார்க்கும் இல்லம். மருந்தே இல்லாத காலத்து மருத்துவம் அது.

4.
அதைத் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்திய இந்தியர். 1917 வாக்கில் அவரிடம் நோயாளியாகப் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர் நம்ம கணித மேதை ராமானுஜன்.

அந்த டாக்டர்தான் பிறகு இந்தியா வந்து 1928இல் தாம்பரத்தில் சானடோரியம் ஆரம்பித்தார். 1937இல் அது அரசின் கைக்கு வந்தது. இன்று செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்குள் இருக்கிறது.

5.
ராமானுஜன் விஷயத்தில் ஒரு கொசுறு. அவருக்குக் காசநோய் என்றுதான் சிகிச்சை கொடுத்தார்கள். ஆனால் 1994இல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை, அவருடைய அறிகுறிகளை வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டு, அது அமீபாவால் வந்த கல்லீரல் நோயாக இருந்திருக்கலாம் என்று வாதிட்டது.

உண்மை எதுவோ. ஆனால் ஒன்று கவனிங்க. காய்ச்சல், எடை குறைவு, சோர்வு என்பதை மட்டும் வைத்து அன்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. காசநோயை "இருக்கலாம்" என்ற நிலையிலேயே விட்டால் இரண்டு பக்கமும் ஆபத்து. இருப்பவரைத் தவறவிடுவோம், இல்லாதவருக்கு மருந்து கொடுப்போம்.

6.
சானடோரியத்தில் என்ன செய்தார்கள்? நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, சத்தான சாப்பாடு. அவ்வளவுதான். சிலர் தேறினார்கள். பலர் தேறவில்லை.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1952இல் ஐசோனியாசிட் வந்தது. மலிவான மாத்திரை. முதல் முறையாகக் காசநோயைக் குணப்படுத்த முடியும் என்ற நிலை.

ஆனால் மாத்திரை கையில் இருந்தாலும் உலக டாக்டர்களின் மனதில் இருந்தது கட்டிடம். "நோயாளியைக் கட்டிலில் படுக்க வைக்காம எப்படி?"

7.
இந்தியாவில் எத்தனை கட்டில் போட முடியும்? லட்சக்கணக்கில் நோயாளிகள். படுக்கைகள் அதில் ஒரு சிறு துளி. ஒருவர் ஒரு வருடம் கட்டிலில் இருந்தால் அடுத்தவர் அந்த ஒரு வருடமும் வெளியே காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் காலம் முழுக்க வீட்டில் இருமிக்கொண்டே இருப்பார்.

கூலிக்காரர் ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் படுத்தால் குடும்பம் என்ன சாப்பிடும் என்பது தனிக் கதை.

8.
1956. சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் என நாலு பேர் கூட்டு. தலைமை தாங்கியவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்.

அவர்கள் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. ஒரே மாத்திரையை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துக் கொடுப்பதற்கும், வீட்டுக்கே கொடுத்து அனுப்புவதற்கும் வித்தியாசம் இருக்கா?

9.
சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 190க்கும் மேற்பட்ட நோயாளிகள். குலுக்கல் மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில். இன்னொரு பாதி தங்கள் வீட்டில், நெரிசலில், அரைகுறைச் சாப்பாட்டில். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் பல மடங்கு நன்றாகக் கிடைத்தது. வீட்டில் இருந்தவர்கள் வேலை வெட்டியைப் பார்த்துக்கொண்டே மாத்திரை சாப்பிட்டார்கள்.

யார் ஜெயித்திருப்பார்கள் என்று நினைக்கிறீங்க?

10.
1959இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் 100க்கு 92 பேர் தேறியிருந்தார்கள். வீட்டில் 100க்கு 86 பேர். கிட்டத்தட்ட சமம்.

அதைவிட முக்கியமான கேள்வி: வீட்டில் வைத்துப் பார்த்ததால் மனைவி, குழந்தைகளுக்குத் தொற்று கூடியதா? இல்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றிவிட்டது. சரியான மருந்து உள்ளே போக ஆரம்பித்ததும் நோயாளி மற்றவர்களுக்குப் பரப்புவது வேகமாகக் குறைந்துவிடுகிறது.

இதை இன்னொரு முறை படிங்க. ஆபத்தானவர் மாத்திரை சாப்பிடும் நோயாளி இல்லை. இன்னும் டெஸ்ட்டே பண்ணாம இருமிக்கிட்டு இருக்கிறவர்.

11.
உலகம் முழுக்கக் காசநோய் சானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சென்னையில் நடந்த இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். பெரிய ஆஸ்பத்திரியின் நோயாக இருந்தது ஆரம்ப சுகாதார நிலையத்தின் நோயாக மாறியது.

அதே மையம் இன்னொன்றையும் கவனித்தது. கொஞ்சம் தேறியதும் மக்கள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். திடீரென வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1964இல், கண் முன்னே மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்து வெற்றி கண்டார்கள். பின்னாளில் உலகமே "டாட்ஸ்" என்று அழைத்த முறைக்கு விதை அது.

12.
சரி, மாத்திரை இருக்கு. வீட்டிலேயே சாப்பிடலாம். அப்போ நோயாளியை எப்படிக் கண்டுபிடிப்பது? "கிராமத்து ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை. அவங்களா வர மாட்டாங்க. எக்ஸ்ரே வண்டி எடுத்துட்டு ஊர் ஊரா போகணும்" என்பது அன்றைய பொதுக் கருத்து.

இன்றும் நிறைய மேடைகளில் இதே பேச்சுதான். பழி எப்பவும் நோயாளி மேல்.

13.
இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 1963இல் வந்தது. பெங்களூரு தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜி, ஆண்டர்சன் இருவரும் செய்தது. தும்கூர் மாவட்டக் கிராமங்களில் நோய் இருப்பவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசினார்கள்.

பெரும்பாலானவர்களுக்குத் தங்கள் உடம்பில் ஏதோ சரியில்லை என்று தெரிந்திருந்தது. கவலையும் பட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்கும் போயிருந்தார்கள்.

14.
போனவர்களுக்கு என்ன கிடைத்தது? ஒரு பாட்டில் இருமல் மருந்து.

விழிப்புணர்வு இல்லாமல் இருந்தது யாருக்கு? மக்களுக்கா, நமக்கா?

எங்கள் துறையைச் சேர்ந்தவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது இந்த ஆய்வைப் படிக்க வேண்டும் என்பேன். நோயாளி தன் கடமையைச் செய்துவிட்டார். கூலியை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று, "இருமல்" என்று சொல்லிவிட்டார். அடுத்த கேள்வியை நாம்தான் கேட்கவில்லை. "எத்தனை நாளா?"

15.
இந்தியாவின் தேசிய காசநோய்த் திட்டம் 1962இல் வந்தபோது அதன் அடிப்படை இதுதான். தனிக் கட்டிடம் வேண்டாம். பொது மருத்துவமனைக்குத் தானாக வரும் இருமல் நோயாளியின் சளியை மைக்ரோஸ்கோப்பில் பார். கிருமி இருந்தால் மாத்திரை கொடு.

கேட்க ரொம்பச் சாதாரணமா இருக்கு. மினுமினுப்பு எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, எல்லாரும் இன்னொரு பக்கம் நம்பிக்கை வைத்திருந்தார்கள். ஊசி.

16.
பிசிஜியின் கதை. பிரான்சில் கால்மெட், கெரென் என்ற இருவர் வருடக்கணக்கில் வளர்த்து வீரியம் குறைத்த மாட்டுக் காசநோய்க் கிருமி. மனிதர்களுக்கு முதலில் கொடுத்தது 1921இல்.

நம்ம கிண்டியில் பிசிஜி தயாரிக்கும் ஆய்வகம் 1948இல் வந்தது. அதன் பிறகு நாடு முழுக்கப் பெரிய அளவில் ஊசி போட்டார்கள். எதிர்ப்பும் இருந்தது. ராஜாஜி 1955இல் வெளிப்படையாகவே பிசிஜியை எதிர்த்து எழுதினார்.

17.
விஞ்ஞானிகளுக்குள்ளேயும் குழப்பம். பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில் பிசிஜி முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்பு கொடுத்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமாவில் நடந்த ஆய்வில் பெரிய பயன் எதுவும் தெரியவில்லை.

ஒரே ஊசி. இரண்டு ஊரில் இரண்டு பதில். கோடிக்கணக்கான பேருக்குப் போடும் ஊசி. எது உண்மை? நோய் அதிகம் இருக்கும் ஒரு இடத்தில், யாரும் குறை சொல்ல முடியாத அளவுக்குப் பெரிதாகச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவானது.

தேர்ந்தெடுக்கப்பட்ட இடம், செங்கல்பட்டு மாவட்டம்.

18.
இங்கே ஒரு சின்ன விளக்கம். அன்றைய செங்கல்பட்டு இன்றைய மாவட்டம் மட்டும் இல்லை. இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்தது. 1997இல் திருவள்ளூர் பிரிந்தது, 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து இன்றைய செங்கல்பட்டு பிரிந்தது. ஆய்வு நடந்த ஊர்களில் பெரும்பகுதி இன்று திருவள்ளூர் பக்கம் இருக்கின்றன.

ஆனால் உலக மருத்துவப் புத்தகங்களில் இன்றும் அதன் பெயர் "செங்கல்பட்டு ஆய்வு"தான்.

19.
1968இல் தொடங்கி 1971 வரை ஊசி போட்டார்கள். வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஆள் ஆளாகப் பதிவு செய்து, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். ஒரு மாதக் குழந்தை முதல் கிழவர் வரை.

சிலருக்கு அதிக அளவு பிசிஜி, சிலருக்குக் குறைந்த அளவு, சிலருக்கு மருந்தே இல்லாத ஊசி. அதிலும் பாரிஸ் ரகம், கோபன்ஹேகன் ரகம் என்று இரண்டு. யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது.

20.
இப்போ கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. கம்ப்யூட்டர் இல்லை, செல்போன் இல்லை. வயக்காட்டுக்குப் போனவரைத் தேடிப் பிடித்து, கையில் டியூபர்குலின் போட்டு, மூணாம் நாள் மறுபடி போய் வீக்கத்தை அளந்து, பெரியவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்து, சந்தேகம் இருந்தால் சளி வாங்கி. இதையே சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப.

இதில் நடந்து தேய்ந்த களப் பணியாளர்களின் பெயர் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. கையை நீட்டிய நம்ம ஜனங்களின் பெயரும் இல்லை.

21.
ஏழரை வருடம் கழித்து, 1979இல் முதல் அறிக்கை வந்தது.

நுரையீரல் காசநோயிலிருந்து பிசிஜி கொடுத்த பாதுகாப்பு: இல்லை.

ஊசி போட்டவர்களிலும் போடாதவர்களிலும் நோய் ஒரே மாதிரி வந்திருந்தது. எந்த ரகம், எந்த அளவு என்பதில் வித்தியாசம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி ஆய்வை அலசிப் பார்த்தது. ஆய்வில் ஓட்டை இல்லை என்றார்கள்.

22.
அதோடு விடவில்லை. 15 வருடம் தொடர்ந்து பார்த்து, 1999இல் முழு முடிவை வெளியிட்டார்கள். பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. ஊசி போட்டபோது குழந்தையாக இருந்தவர்களுக்கு ஏதோ சொற்ப அளவு.

இன்னொரு ஆச்சரியம், அதே ஊசி தொழுநோயிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கொடுத்ததும் இதே மாவட்டத்தில் தெரிய வந்தது. தொழுநோயும் இந்த மண்ணின் பழைய வேதனை. செங்கல்பட்டு திருமணியில் 1955 முதல் மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருப்பது சும்மா இல்லை. அதைத் தனி த்ரெட்டா எழுதறேன்.

23.
ஏன் இங்கே வேலை செய்யல? முழுசா இன்றும் விவாதம்தான். முக்கியமான இரண்டு விளக்கங்களைச் சொல்றேன்.

ஒன்று: நம்ம மண்ணிலும் தண்ணியிலும் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட சொந்தக்காரக் கிருமிகள் நிறைய. தீங்கில்லாதவை. சின்ன வயதிலிருந்தே நம் உடம்பு அவற்றுடன் பழகிவிடுகிறது. அதன் மேல் பிசிஜி புதிதாக ஒன்றும் சேர்க்க முடிவதில்லை.

இரண்டு: இங்கே பெரியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஊசி போடும் முன்பே கிருமி உள்ளே போய் உறங்கிக்கொண்டிருந்தது. திருடன் வீட்டுக்குள்ளே இருக்கும்போது வாசலுக்குப் பூட்டுப் போட்டு என்ன பயன்?

24.
🛑 இந்த இடத்தில் நிறுத்தி ஒன்றைத் தெளிவாகச் சொல்லணும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து "அரசு டாக்டரே சொல்லிட்டார், தடுப்பூசி வேஸ்ட்" என்று பரப்ப ஒரு கூட்டம் இருக்கு.

பச்சைக் குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோய், உடம்பு முழுக்கப் பரவும் காசநோய் இரண்டிலிருந்தும் பிசிஜி நல்ல பாதுகாப்பு கொடுக்கிறது. இது பல நாடுகளில் உறுதியான விஷயம். அந்தக் குழந்தைகள் பிழைத்தாலும் கை கால் வராமல், பார்வை போய் நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த ஊசியின் மதிப்பு.

பிறந்த குழந்தைக்கு பிசிஜி கட்டாயம் போடுங்க. அது குழந்தைக்கான கவசம். 40 வயதில் உங்களுக்கு அது கவசம் இல்லை. அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கு மீண்டும் பிசிஜி போட்டுப் பார்க்கும் ஆய்வு 2024 முதல் இந்தியாவின் பல மாநிலங்களில் நடக்கிறது. முடிவு வரட்டும், பேசுவோம்.

25.
இப்போ எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க.

தாம்பரம்: கட்டிடமும் காற்றும் மட்டும் போதாது.
சேத்துப்பட்டு: மாத்திரை போதும், வீட்டிலேயே போதும்.
தும்கூர்: நோயாளி தானாக வருகிறார், நாம்தான் கேட்பதில்லை.
செங்கல்பட்டு: பெரியவர்களைத் தழும்பு காப்பாற்றாது.

மிச்சம் இருப்பது என்ன? இருமும் பெரியவரை, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், சீக்கிரம் டெஸ்ட் பண்ணுவது. அதுதான் அவருக்குச் சிகிச்சை. அவர் வீட்டுக் குழந்தைக்கும் அதுதான் தடுப்பு.

உலகின் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர். இந்தப் பாடத்தைக் கற்றுக் கொடுத்த நாமே அதை மறந்தால் எப்படி?

26.
யாரெல்லாம் டெஸ்ட் பண்ணணும்?

✅ இரண்டு வாரத்துக்கு மேல் இருமல்
✅ இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், குறிப்பாகச் சாயங்காலம் வருவது
✅ காரணம் தெரியாம எடை குறைவது, பசி இல்லாதது
✅ ராத்திரி தலையணை நனையும் அளவுக்கு வியர்வை
✅ சளியில் ரத்தம். இதுக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே வாங்க
✅ கழுத்தில் கரையாத கட்டி

வீட்டில் யாருக்காவது டிபி இருந்தால் அறிகுறி இல்லாவிட்டாலும் எல்லாரும் ஒரு முறை வாங்க.

27.
இருமல் எல்லாமே டிபியா? இல்லவே இல்லை. ஆஸ்துமா, பீடி சிகரெட்டாலும் விறகு அடுப்புப் புகையாலும் வரும் நாள்பட்ட மூச்சுக்குழாய் நோய், நெஞ்செரிச்சல், சளி மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்குவது, இப்படி நிறைய. பிரஷருக்கு எனலாப்ரில் மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலருக்கு அந்த மாத்திரையாலேயே வறட்டு இருமல் வரும். மாத்திரையை மாற்றினால் சரியாகிவிடும்.

ஆனால் இவற்றில் எதை முடிவு செய்வதற்கும் முன்னால் சளியைப் பார்த்துவிடணும். நம்ம ஊரில் வரிசை அதுதான்.

28.
மாமல்லபுரம் சிற்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கருங்கல்லில் சிலிக்கா இருக்கிறது. மெஷின் வைத்து அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் பறக்கும் மெல்லிய தூசி நுரையீரலின் அடி வரை போய்ப் படிகிறது. அந்தத் தூசி, காசநோய்க் கிருமியை விழுங்கி அழிக்கும் செல்களையே பலவீனமாக்கும்.

அதனால் "கல் தூசி இருமல்தான் டாக்டர்" என்று சொல்பவருக்கு டிபி வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், குறைவு இல்லை. தண்ணீர் விட்டு அறுங்க. முகத்தில் துண்டு கட்டுவது போதாது, என்95 மாஸ்க் போடுங்க. வருடம் ஒரு எக்ஸ்ரே எடுங்க.

29.
அடுத்து சுகர். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. தமிழ்நாட்டில் சுகர் இல்லாத தெரு எது? சுகர் மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டும் எடை குறையுதா? "சுகரால இளைக்கிறேன்" என்று விடாதீங்க, சளி கொடுங்க. டிபி வந்த ஒவ்வொருவருக்கும் நாங்கள் சுகரும் எச்ஐவியும் பார்ப்பது இதனால்தான். சந்தேகப்பட்டு இல்லை.

30.
சளி கொடுப்பதில் ஒரு நுணுக்கம். நிறைய பேர் எச்சிலைத் துப்பிட்டு வந்துடுவாங்க. ரிசல்ட் நெகட்டிவ். டிபி உள்ளே அப்படியே.

வாயைக் கொப்பளிச்சுட்டு, திறந்த வெளியில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழமா மூச்சை இழுத்து விட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுங்க. கெட்டியா வரணும். காலையில் எழுந்ததும் எடுக்கும் சளி சிறந்தது.

இன்று மைக்ரோஸ்கோப் மட்டும் இல்லை. சிபிநாட், ட்ரூநாட் என்று கிருமியின் மரபணுவையே தேடும் மெஷின்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன. ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா கேட்காதா என்பதையும் ஓரிரு மணி நேரத்தில் சொல்லிவிடும். வெளியே பல ஆயிரம் ஆகும் டெஸ்ட். இங்கே இலவசம்.

31.
மெடிக்கல் ஷாப்பில் "இருமலுக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்பவர்களுக்கு: சில ஆன்டிபயாடிக்குகள், குறிப்பாக லெவோஃப்ளாக்சசின் வகை, டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கும். பத்து நாள் நல்லா இருக்கும். திரும்ப வரும். இன்னொரு கோர்ஸ். இதற்குள் மூணு மாதம் ஓடியிருக்கும், வீட்டில் எல்லாரும் அந்தக் காற்றைச் சுவாசித்திருப்பார்கள்.

தும்கூர் ஆய்வுக்கு 60 வருடம் கழித்தும் இருமல் டானிக் பாட்டில் தோற்கவில்லை.

32.
டிபி உறுதியானால்?

ஆறு மாதம் மாத்திரை. முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் மூணு மருந்து, பெரும்பாலும் ஒரே மாத்திரைக்குள் சேர்ந்தே இருக்கும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது ரிஃபாம்பிசின் வேலை, பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ, விடாம வாந்தி வந்தாலோ, பார்வை மங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வந்து காட்டுங்க.

ஒரு மாதத்தில் இருமல் நின்று, எடை ஏறி, "சரியாயிடுச்சே" என்று தோன்றும். நிறுத்துபவர்கள் நிறுத்துவது அங்கேதான். பாதியில் நிறுத்தினால் மிஞ்சும் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அப்புறம் வரும் டிபிக்குச் சிகிச்சை இன்னும் கஷ்டம்.

33.
சாப்பாடு? சேத்துப்பட்டு ஆய்வு, "நல்ல சாப்பாடு இல்லாவிட்டாலும் மாத்திரை வேலை செய்யும்" என்று காட்டியது. உண்மை. ஆனால் அதை "சாப்பாடு முக்கியம் இல்லை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

2023இல் ஜார்கண்டில் நடந்த ஆய்வு முடிவு வந்தது. காசநோயாளியின் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்குச் சத்தான உணவுப் பொருள் கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாக டிபி வருவது கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்தது. அரிசி, பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான்.

நோயாளிக்கு அரசு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. 2024 நவம்பர் வரை 500ஆக இருந்தது. கேட்டு வாங்குங்க. முட்டை, பயறு, மீன் வாங்குங்க. நம்ம கடற்கரையில் மத்தி மீனைவிட மலிவான புரதம் எது?

34.
தமிழ்நாடு 2022இல் ஒன்று செய்தது. காசநோய் இறப்பில்லாத் திட்டம். டிபி மரணங்களில் கணிசமானவை சிகிச்சை ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்துக்குள் நடக்கின்றன. ஏன்? ரொம்பத் தாமதமாக, ரொம்ப மெலிந்து வருகிறார்கள்.

அதனால் டிபி என்று தெரிந்த அன்றே சில விஷயங்களைப் பார்க்கிறோம். உயரத்துக்கு எடை எவ்வளவு, கால் வீக்கம் இருக்கா, மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல் போகுதா, ஆக்சிஜன் 94க்குக் கீழே இருக்கா, பிடிக்காம நிற்க முடியுதா. மோசமா இருந்தால் உடனே அட்மிஷன்.

எம்டி படிச்சிருக்கத் தேவையில்லை. ஒரு எடை மெஷின், ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர், ஐந்து நிமிடம். சானடோரியம் காலத்துக் கட்டில் இன்று இவர்களுக்காகக் காத்திருக்கிறது. எல்லாருக்கும் தேவையில்லை, இவர்களுக்குத் தேவை.

35.
கடைசியா ஒரு வேண்டுகோள்.

உங்க அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன், வேலைக்கு வர்ற அக்கா. யாராவது ரெண்டு வாரத்துக்கு மேல் இருமிக்கிட்டு இருக்காங்களா? "டிபியா இருக்குமோ" என்று ஆரம்பிக்காதீங்க, பயந்துடுவாங்க. "எத்தனை நாளா இருமல்?" என்று மட்டும் கேளுங்க. பதில் இரண்டு வாரத்தைத் தாண்டினால் கூடவே கூட்டிட்டு வாங்க. தனியா வரத் தயங்குவாங்க.

ஓபி சீட்டு எழுதும் இடத்திலேயே "ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்" என்று சத்தமாச் சொல்லுங்க. உள்ளே இருக்கிற டாக்டர் கூட்டத்தில் கேட்க மறந்தாலும், நீங்களே "சளி டெஸ்ட் எழுதுங்க டாக்டர்" என்று கேளுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்.

தேவைப்படும் ஒருவருக்காவது இதை அனுப்புங்க. கேள்வி இருந்தால் கீழே கேளுங்க. ஓபி முடிச்சுட்டு ராத்திரி பதில் சொல்றேன்.